மூன்று முறை ‘பரவால்லைங்க’

எனக்கு வந்தது மார்பகப் புற்றுநோய். இப்படி ஒரே வரியில் எழுதிவிட்டதற்கே என் நாத்தனார் இரண்டு நாள் என்னோடு பேசமாட்டார். எங்கள் பக்கத்தில் இதற்குப் பெயர் கிடையாது. “அந்த வியாதி” என்பார்கள். அதையும் குரலை இறக்கித்தான் சொல்வார்கள், சத்தமாகச் சொன்னால் யாரோ கூப்பிட்டார்கள் என்று அது வீட்டுக்குள் வந்துவிடும் என்பது போல. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபோது பார்க்க வந்தவர்கள் ஆரஞ்சுப் பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டு, மழையைப் பற்றியும் வெங்காயத்தைப் பற்றியும் பேசிவிட்டு, போகும்போது வாசலில் என் கணவரிடம் “எப்படி இருக்கு?” என்று கிசுகிசுத்துவிட்டுப் போனார்கள். நான் உள்ளேதான் இருந்தேன். காது நன்றாகக் கேட்டது. என் உடம்பில் அந்த ஒன்றில்தான் அப்போது கோளாறே இல்லை.

நான் சத்துணவு அமைப்பாளர். செட்டிகுளத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாக வேலை. பிள்ளைகளுக்கு நான் ‘சத்துணவு டீச்சர்’. சமைப்பதற்கு ஓர் அம்மா இருக்கிறார். நான் அரிசி பருப்பு அளந்து கொடுப்பேன், சமையலைக் கவனிப்பேன், பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் ஒரு வாய் ருசி பார்த்து, சரியாக இருக்கிறது என்று நோட்டில் கையெழுத்துப் போடுவேன். கோபக்காரி என்று பெயர் எடுத்தவள். அழுகின முட்டை வந்தால் அதைக் கொண்டுவந்த வண்டியிலேயே திருப்பி ஏற்றிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன். அப்பேர்ப்பட்ட நான் டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் வாயில் கொழுக்கட்டை வைத்தவள் மாதிரி ஆகிவிட்டேன். அதனால் உயிரே போக இருந்தது.

ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு முறை கீமோ என்றார்கள். இருபத்தொரு நாளைக்கு ஒரு முறை. ஆஸ்பத்திரி அரியலூரில், பெரம்பலூரில் இறங்கி பஸ் மாற வேண்டும். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னாலேயே பஸ் ஊர்ந்து போகும். வெள்ளைத் தூசி ஜன்னல் வழியாக வந்து என் முகக்கவசத்தில் படியும். காலையில் போய், நாற்காலியில் சாய்ந்து மருந்து ஏற்றிக்கொண்டு, சாயங்காலம் திரும்பிவிடலாம். ஆறையும் முடித்தால்தான் ஆபரேஷன் செய்ததற்கு அர்த்தம், நடுவில் விட்டால் அது திரும்பி வர நாமே இடம் கொடுத்தது போல ஆகும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். வயதில் சின்னவர். பொறுமையாகத்தான் சொன்னார். ஆறு என்ற எண்ணை நான் மனதில் ஆணி அடித்து மாட்டிக்கொண்டேன்.

ஒவ்வொரு முறையும் மருந்து ஏற்றும் முன் டாக்டர் கேட்பார்: “எப்படி இருக்கீங்கம்மா?”

என் கணவர் சொல்வார்: “பரவால்லைங்க டாக்டர்.”

நானும் சொல்வேன்: “பரவால்லைங்க.”

என் கணவர் விவசாயி, சின்ன வெங்காயம் போடுகிறவர். டாக்டர் அறைக்குள் நுழையும் முன்பே செருப்பைக் கழற்றிவிடுவார், கழற்ற வேண்டாம் என்று எழுதியே போட்டிருந்தாலும். பெண்டாட்டியைக் கேட்ட கேள்விக்குப் புருஷன் பதில் சொல்வதும், வலிக்கிறது என்று டாக்டரிடம் சொல்வது விருந்து போட்டவர் முகத்தைப் பார்த்துச் சாப்பாடு நன்றாயில்லை என்று சொல்வது மாதிரி என்று நினைப்பதும் எங்கள் பக்கத்து மரியாதை. வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது நம் புராணத்தை ஏன் பாட வேண்டும் என்ற எண்ணம் வேறு. முதல் முறை அப்படித்தான் சொன்னோம். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அதையேதான் சொன்னோம்.

உண்மையில் எப்படி இருந்தேன் என்பதை இப்போது சொல்கிறேன்.

முதலில் குமட்டல். விதைக்கு எடுத்துவைத்த வெங்காயம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மூட்டை மூட்டையாக இருந்தது. இருபத்திநாலு வருஷம் அந்த வாசனைக்குள் குடித்தனம் செய்தவள் நான். கீமோ ஏற்றிய மறுநாள் அதே வாசனை என் குடலைப் பிடித்து இழுத்தது. கொல்லைக்கு ஓடினேன். பிறகு ராத்திரியில் தூக்கம் போயிற்று. வாயில் புண் வந்தது. எதைத் தின்றாலும் இரும்பை நக்கின ருசி. நாலு நாளாகியும் வெளிக்குப் போகவில்லை. அசதி என்ற சொல்லை அதற்கு முன் சும்மா பயன்படுத்தியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. சொம்பைத் தூக்கினால் கை நடுங்கும். முடி கொட்டிப்போனதில் ஒரு நன்மை, தலை சீவக் கையைத் தூக்க வேண்டியதில்லை.

இந்த நேரத்தில்தான் அரும்பாவூரிலிருந்து என் நாத்தனார், கணவரின் அக்கா, தன் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு என்னைக் கவனிக்க வந்தார். பொல்லாதவர் இல்லை. என்மேல் பாசம் அதிகம். அந்தப் பாசத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். என் ஒவ்வொரு தொந்தரவுக்கும் அவரிடம் தனித்தனியாக ஒரு வைத்தியம் இருந்தது.

குமட்டலுக்கு எலுமிச்சங்காய் ஊறுகாயை நாக்கில் தடவினார். அது வாய்ப்புண்ணில் பட்டு நான் துள்ளினேன். தூக்கம் வராததற்குக் கண்ணு பட்டதுதான் காரணம் என்று மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார். அந்தக் கமறலில் இருமி இருமி, குடித்திருந்த கஞ்சியும் வெளியே வந்தது. அசதி என்றதும் “எந்திரிக்கவே கூடாது” என்று ஜன்னலைச் சாத்தி, பகலெல்லாம் என்னைப் படுக்கவைத்தார். பகலெல்லாம் படுத்தவளுக்கு ராத்திரி எங்கிருந்து தூக்கம் வரும்? வயிறு கட்டிக்கொண்டது வாந்தி மாத்திரையால்தான் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அந்த மாத்திரையை எடுத்து அலமாரிக்கு மேல் வைத்துவிட்டார். வாந்தி இரண்டு மடங்காயிற்று. பகலில் எதுவும் இறங்காததால் ராத்திரி ஒரு வேளைதான் இரண்டு வாய் சோறு. மாத்திரைகள் எல்லாம் சாப்பாட்டுக்கு மேல் போடச் சொன்னவை. அதனால் மிச்ச எல்லாவற்றையும் மொத்தமாக ராத்திரியில் உள்ளங்கையில் கொட்டிக் கொடுத்தார்.

“முழுங்கிட்டுப் படு புள்ள. காலையில சரியாப் போயிரும்.”

காலையில் எதுவும் சரியாகவில்லை. ஆனாலும் நான் அண்ணியிடமும், நாத்தனாரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், பரவாயில்லை என்றுதான் சொன்னேன். வந்து செய்கிறவரிடம் குறை சொல்லக் கூடாது அல்லவா.

மூன்றாவது கீமோ முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் வாசலில் அண்ணி என் கணவரிடம் பேசியது கேட்டது.

“மூணு போட்டாச்சுல்ல, போதும்டா. மிச்சத்த முருகன் பாத்துக்குவான். இன்னும் ஒண்ணு போட்டா உசுரு தாங்காது.”

என் கணவர் சொன்னார்: “நானும் அதான் நெனச்சேன்க்கா. பாக்க முடியல.”

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். என் உயிரைப் பற்றி என்னைக் கேட்காமல் வாசலில் உட்கார்ந்து இரண்டு பேர் முடிவு செய்கிறார்கள். முட்டைக்குச் சண்டை போட்டவள் எழுந்து போய் இரண்டு பேரையும் ஒரு பிடி பிடித்திருக்க வேண்டும். எனக்கு வந்தது நிம்மதி. இனி அந்த நாற்காலியில் உட்கார வேண்டாம் என்ற நிம்மதி. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நாலாவது கீமோ வியாழக்கிழமை. திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். லீவில்தான் இருந்தேன். என் வேலையைப் பக்கத்து ஊர் அமைப்பாளர் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார், அன்றைக்கு அவர் வரவில்லை. இருட்டு அறையில் கிடந்து சலித்துப்போய், கணவரை வண்டியில் கொண்டுவந்து விடச் சொன்னேன். அண்ணி கத்தினார். பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன்.

சமையல்கார அம்மா என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்குச் சாம்பார் சாதம். அண்டாவைக் கிளறிக் கரண்டியில் கொஞ்சம் எடுத்து என் முன்னால் நீட்டினார்.

“நீங்க இருக்கறப்ப வேற யாரு டீச்சர் ருசி பாக்குறது?”

எவ்வளவு நாளாயிற்று ஒரு வேலை செய்து. வாங்கி வாயில் போட்டேன்.

“என்னம்மா, உப்பே இல்லையே?”

“இல்லீங்களா டீச்சர்?” என்று அந்த அம்மா ஒரு பிடி உப்பைக் கரைத்து ஊற்றிக் கிளறினார். மறுபடி பார்த்தேன். இப்போதும் இல்லை. இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன். அவர் கை ஒரு நிமிஷம் தயங்கியது. பிறகு போட்டார். கூட ருசி பார்க்க வேண்டிய வாத்தியார், நான் பார்த்துவிட்டேன் என்றதும், தன் வாயில் ஒரு பருக்கைகூட வைக்காமல் நோட்டில் கையெழுத்துப் போட்டார்.

பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். டீச்சருக்கு உடம்பு சரியில்லை, சத்தம் போடக் கூடாது என்று முன்பே சொல்லிவைத்திருந்தார்கள் போல. யாரும் சத்தம் போடவில்லை. ஒரு வாய் வைப்பதும், எழுந்து போய்க் குழாயில் தண்ணீர் குடிப்பதுமாக இருந்தார்கள். குழாயடியில் வரிசை நீண்டுகொண்டே போயிற்று. வெயில் அதிகம் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்திதான் வாயில் இருந்ததைத் தட்டிலேயே துப்பிவிட்டு, “உப்புக் கரிக்குது டீச்சர்” என்று அழுதாள்.

நான் சமையல்கார அம்மாவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“மொதல்லயே சரியாத்தாங்க இருந்துச்சு.”

“தெரிஞ்சும் எதுக்குப் போட்டீங்க?”

“நீங்களே நோவோட வந்திருக்கீங்க. உங்களப் போயி எப்படி டீச்சர் இல்லன்னு சொல்றது?”

அந்தச் சோற்றைக் கொட்டிவிட்டு மறுபடி உலை வைத்தோம். பிள்ளைகள் அதுவரை அவித்த முட்டையைத் தின்றுவிட்டு வேப்பமரத்தடியில் விளையாடினார்கள். அரிசி வேகும்வரை நான் அடுப்படிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என் நாக்குத் தப்பாகச் சொன்னதற்கு இல்லை. அது மருந்தின் வேலை, நாக்கு என்ன செய்யும். அந்த நாக்கை நம்பி, தெரிந்தே எல்லோரும் ஆமாம் போட்டதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நோயாளி மனம் நோகக் கூடாதாம். அதற்காக ஐம்பது பிள்ளைகள் உப்பைத் தின்றார்கள்.

பிறகு ஆத்திரம் என் பக்கமே திரும்பியது. நான் மட்டும் என்ன யோக்கியம்? டாக்டர் மனம் நோகக் கூடாது, நாத்தனார் மனம் நோகக் கூடாது என்று வாயைத் திறக்காமல் இருந்தவள்தானே? கெட்டுப்போன சோற்றுக்குச் சரியாக இருக்கிறது என்று மூன்று முறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அந்தச் சிறுமிக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்: “வியாழக்கெழமை நான் போறேன்.”

அண்ணி தட்டை வைத்துவிட்டு எழுந்தார். “எதுக்கு? சாகறதுக்கா?”

“சாகாம இருக்கறதுக்குத்தான் அண்ணி. ஆறும் போட்டுக்குவேன். ஆனா இந்தத் தடவை டாக்டர்கிட்ட நான் பேசுவேன். ஏங்க, நீங்க குறுக்க வரக் கூடாது.”

என் கணவர் என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கடைசியில் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தார். சரி என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் ஒரு காரியம் செய்தேன். என்னென்ன தொந்தரவு என்று வரிசை போட்டு எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத அது ஒப்பாரி மாதிரி இருந்தது, கிழித்துப் போட்டேன். பிறகு மருந்து ஏற்றிய மறுநாள் ஒரு முழு நாளை, காலையிலிருந்து அடுத்த காலை வரை, என்ன தின்றேன், எந்த மாத்திரை எப்போது போட்டேன், எப்போது வாந்தி, எப்போது படுத்தேன் என்று நடந்தது நடந்தபடி எழுதினேன். எழுதி முடித்துப் படித்தபோது எனக்கே திக்கென்றது. தனித்தனியாக வந்தவை என்று நான் நினைத்தவை எல்லாம் ஒரே கும்பல். தூங்காததால் காலையில் எழ முடியவில்லை. எழாததால் தின்னவில்லை. வெறும் வயிற்றில் குமட்டல் கூடியது. தின்னாததாலும் நடக்காததாலும் வயிறு கட்டியது. கட்டிய வயிறு மறுபடி குமட்டியது. நாங்கள் ஒவ்வொன்றையும் தனியாகப் பிடித்து அடித்துக்கொண்டிருந்தோம். ஒன்றை அடித்தபோதெல்லாம் மற்றொன்று பலத்தது.

வியாழக்கிழமை டாக்டர் வழக்கம்போல் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி கேட்டார்: “எப்படி இருக்கீங்கம்மா?”

என் கணவரின் வாய் பழக்கத்தில் தானாகத் திறந்தது. நான் அவர் முழங்காலைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினேன்.

“நல்லா இல்லைங்க டாக்டர்.”

அவர் நிமிர்ந்தார். நான் தாளை மேஜைமேல் வைத்துவிட்டு வாயாலும் சொன்னேன். வெளிக்குப் போகாததைச் சொல்லும்போது என் கணவர் கூச்சத்தில் நெளிந்தார். நெளியட்டும் என்று அதை இரண்டு முறை சொன்னேன்.

டாக்டர் கேட்டுவிட்டு, “கீமோன்னா கொஞ்சம் அப்படித்தாம்மா இருக்கும்” என்றார்.

“கொஞ்சம்னா எவ்வளவுங்க டாக்டர்? நாலு நாள் தூங்காம இருந்தா அது கொஞ்சமா? அப்படித்தான் இருக்கும்னா என்னால நாலாவதுக்கு உக்கார முடியாது. எனக்கு ஆறும் முடிக்கணும். அதனாலதான் சண்டை போடறேன்.”

அறை வாசலில் நின்றிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் பள்ளிக்கூடத்துக் குரல் எனக்குத் திரும்பி வந்திருந்தது. டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டு, தாளை எடுத்து முதல் வரியிலிருந்து படித்தார். பிறகு, “இதெல்லாம் மூணு தடவையும் இருந்துச்சா?” என்று கேட்டார்.

“இருந்துச்சுங்க.”

“சொல்லவே இல்லையேம்மா.”

“சொல்லலைங்க. தப்பு எங்க மேலயுந்தான்.”

அவர் கீமோ வார்டு நர்ஸைக் கூப்பிட்டார். அந்தப் பெண் என் மாத்திரைக் கவர்களை எல்லாம் மேஜையில் பரப்பச் சொன்னார். சின்ன வெள்ளை மாத்திரை ஒன்றை எடுத்துக் காட்டினார்.

“இத எப்பப் போடறீங்க?”

“ராத்திரி சாப்பிட்டுட்டு.”

“ராத்திரியா! இது காலையில போடுற மாத்திரைம்மா. ராத்திரி போட்டா கண்ண மூடவே விடாது.”

கவரில் 1-0-0 என்று, அதாவது காலையில் மட்டும் ஒன்று என்று, எழுதித்தான் இருந்தது. எங்கள் வீட்டில் அதை ஒரு நாளைக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டோம். எப்போது என்று யாரும் கேட்கவில்லை, மாத்திரை என்றால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேல் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வந்ததில்லை. என் தூக்கத்தை நாங்களே தினமும் தண்ணீர் ஊற்றி விழுங்கியிருக்கிறோம். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

வாந்தி மாத்திரை அலமாரிக்கு மேல் இருப்பதைச் சொன்னதும் நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். “அது வயித்தக் கட்டும்தான். அதுக்கு மாத்திரைய நிறுத்தக் கூடாது, வயிறு எளகறதுக்கு இன்னொரு மருந்து சேத்துத் தருவோம்.”

டாக்டர் சொன்னார்: “இத ஏழெட்டுத் தொந்தரவாப் பாக்காதீங்கம்மா. ஒண்ணு இன்னொண்ண இழுத்துட்டு வருது. சேத்துத்தான் பாக்கணும்.”

“அதத்தாங்க நானும் எழுதியிருக்கேன்” என்றேன். அவர் முதல் முறையாகச் சிரித்தார்.

அன்றைக்கு நாலாவதை ஏற்றிக்கொண்டேன். கூடவே ஒரு நாள் முழுவதற்கும் திட்டம் எழுதிக் கொடுத்தார்கள். வாந்தி மாத்திரையை வாந்தி வந்த பிறகு போடாமல், வருவதற்கு முன்பே நேரம் பார்த்துப் போட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தடவை, சூடு ஆறின சாப்பாடு, வாசனை எழும்பாது. வாய்க்கு உப்பும் சோடா உப்பும் கலந்த தண்ணீரில் கொப்பளிப்பு. பகலில் அரை மணிக்கு மேல் படுக்கக் கூடாது. முடிந்த அளவு நடக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் மட்டும் ஒரு நிமிஷம்கூட வீட்டில் இருக்காமல் வந்துவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் அண்ணி பொங்கிவிட்டார். “சோடா உப்பாம், நடக்கணுமாம். நம்ம ஒடம்பப் பத்தி அவங்களுக்கு என்ன தெரியும்?”

“இனிமே வூட்டுல ரெண்டு டாக்டர் வேணாம் அண்ணி.”

சொன்ன பிறகுதான் சொல் சூடாகப் போய்விட்டது தெரிந்தது. அண்ணி பையில் சேலைகளை மடித்து வைத்தார். அரும்பாவூருக்குப் போகிறாராம். நான் தடுக்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, “நீங்க இல்லாட்டி நேரம் பாத்து மாத்திர குடுக்க எனக்கு யாரு இருக்கா?” என்றேன். அது கெஞ்சல் இல்லை, நிஜம். அவர் மூக்கைச் சிந்திவிட்டு, எந்த மாத்திரை எத்தனை மணிக்கு என்று கேட்டார். மறுநாள் காலை ஆறு மணிக்கு என் போர்வை உருவப்பட்டது. பழைய வைத்தியத்தில் எவ்வளவு கெடுபிடியோ அதைவிடப் பெரிய கெடுபிடி புது வைத்தியத்தில். பகலில் அரை மணிக்கு மேல் ஒரு நிமிஷம் படுத்தால் தலைமாட்டில் வந்து பாத்திரத்தைத் தட்டுவார். என் கணவர் வெங்காய மூட்டைகளை எல்லாம் பம்ப்செட் கொட்டகைக்கு மாற்றினார்.

காலையில் செட்டிகுளம் மலை அடிவாரம் வரை வண்டியில் போய், அங்கே மெல்ல நடந்தேன். முதல் நாள் நூறு அடிகூட இருக்காது. தலையில் துணி கட்டச் சொன்னார்கள். வேர்க்கிறது, கட்டமாட்டேன் என்றேன். முருகன் கோயில் அடிவாரத்தில் மொட்டைத் தலையோடு ஒரு பெண்ணைப் பார்த்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? பூ விற்கிற அம்மா பக்தியோடு கேட்டார்:

“என்ன வேண்டுதலுங்க?”

“வேண்டுதல் இல்லீங்க. கேன்சர். மருந்துல முடி போயிருச்சு.”

பூக்கார அம்மா சுற்றுமுற்றும் பார்த்தார், நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டது மாதிரி. நான் இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். மூன்றாம் நாள் அவரே என்னைக் கூப்பிட்டு, இன்றைக்கு எத்தனை தூரம் நடந்தேன் என்று கேட்டார்.

எல்லாம் மாயமாக மறைந்துவிட்டது என்று நான் புளுகமாட்டேன். நாலாவதிலும் வாந்தி எடுத்தேன், ஒரு நாள். நாக்கில் இரும்பு ருசி போகவில்லை. ஆனால் மருந்து ஏற்றிய இரண்டாம் ராத்திரி ஐந்து மணி நேரம் தூங்கினேன். எழுந்தபோது மணியைப் பார்த்து, கடிகாரம் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். தூக்கம் வந்ததும் காலையில் எழ முடிந்தது. எழுந்ததும் இரண்டு இட்லி இறங்கியது. ஒன்றை ஒன்று கீழே இழுத்தவை இப்போது ஒன்றை ஒன்று மேலே தூக்கின. ஐந்தாவதுக்குப் போனபோது ரத்தத்தில் அணுக்கள் குறைவு, ஒரு வாரம் தள்ளிப் போடலாம் என்றார்கள். நான் சண்டைக்குப் போனேன். இதில் சண்டை செல்லாது என்றார் டாக்டர். சரிதான் என்று திரும்பி வந்து, ஒரு வாரம் முட்டையாகத் தின்று, போய் ஏற்றிக்கொண்டேன். ஆறாவதையும் ஏற்றிக்கொண்டேன். கடைசி ஊசியை உருவும்போது நர்ஸ் கை கொடுத்தார். வீட்டில் அண்ணி கேசரி கிண்டி வைத்திருந்தார். எனக்கு அது இரும்பாகத்தான் ருசித்தது, இருந்தாலும் முழுசாகத் தின்றேன்.

ஜெயித்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொன்னேன்.

அதற்குப் பிறகு இரண்டாம் வாரம் தூக்கம் மறுபடி போயிற்று. கூடவே குமட்டியது. சாப்பாடு வெறுத்தது. பழைய கும்பல் திரும்பி வந்துவிட்டது. நான் தாளை எடுத்து மறுபடி ஒரு நாளை எழுதிப் பார்த்தேன். வெள்ளை மாத்திரை இல்லை. வேளைக்குச் சாப்பாடு, நடை, எல்லாம் சரி. எதிலும் தப்பு இல்லை. இந்த முறை கும்பலை இழுத்து வருவது எது என்று அந்தத் தாளில் எழுதவில்லை. எனக்குத் தெரியும். கை எழுத மறுத்தது.

மறுபரிசோதனைக்குப் போனோம். டாக்டர் அறிக்கைகளைப் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது, இனி மூன்று மாதத்துக்கு ஒரு முறை வந்தால் போதும் என்றார். பிறகு கேட்டார்: “எப்படி இருக்கீங்கம்மா?”

தூக்கம் வராததைச் சொன்னேன். சாப்பிடாததைச் சொன்னேன். அவர் மாத்திரைகளைப் பற்றிக் கேட்டார், நடையைப் பற்றிக் கேட்டார், வலி இருக்கிறதா என்றார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். அவர் யோசித்தபடி தூக்க மாத்திரை எழுத ஆரம்பித்தார். பூக்கார அம்மாவிடம் இரண்டு முறை சத்தமாகச் சொன்னவள், நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

“டாக்டர், பயமா இருக்குங்க.”

எழுதுவதை அவர் நிறுத்தினார்.

“மருந்து ஏத்துறப்ப யாரோ எனக்காகச் சண்டை போட்டுட்டு இருக்காங்கன்னு இருந்துச்சு. இப்ப யாரும் இல்ல. திரும்பி வந்துருமோன்னு ராத்திரியெல்லாம் ஒடம்பத் தடவிப் பாக்குறேன். இதுக்கு மருந்து இருந்தாக் குடுங்க. இல்லாட்டி இல்லன்னு சொல்லுங்க. ஆனா இதையும் எழுதிக்குங்க.”

என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தவர், இத்தனை மாதத்தில் டாக்டரிடம் ஒரே ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் சொல்லாதவர், தொண்டையைச் செருமினார்.

“எனக்குந்தாங்க டாக்டர்” என்றார் என் கணவர்.

நான் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இருவரும் அங்கேயே உடைந்திருப்போம். டாக்டர் என் ஆஸ்பத்திரி நோட்டை இழுத்து, மேலே எழுதியிருந்த இங்கிலீஷ் வரிகளுக்குக் கீழே தமிழில் ‘பயம்’ என்று எழுதினார்.

“அவருக்கும் சேத்து எழுதுங்க” என்றேன்.